நாகைக் கடற்கரையிலிருந்து நேர் கிழக்கே

போன வருஷம் கோடை விடுமுறையில் ஒரு சாயங்காலம் பிள்ளைகளை நாகை புதிய கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது. சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அம்மா, இந்தக் கடலுக்கு அந்தாண்ட என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"வெளிநாடு" என்றேன்.

"எந்த வெளிநாடு?"

பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. பர்மா, மலேசியா என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவன் விடவில்லை. "வளையாம, நேரா, மூக்குக்கு நேரா போனா எது வரும்மா?"

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்த உலக உருண்டையை இறக்கித் தூசி தட்டினோம். நாகப்பட்டினம் என்று அதில் எழுதியிருக்காது. பெரியவள் கோடியக்கரை மூக்கைக் கண்டுபிடித்து, அதற்குக் கொஞ்சம் மேலே பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். அங்கிருந்து விரலைக் கிழக்கே நகர்த்தினோம். உருண்டையில் சரியாகத் தெரியாத இடங்களை என் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டோம்.

நாகை இருப்பது வட அட்சம் 10 டிகிரி 46 நிமிடத்தில். அதே கோட்டில் நேரே போனால் முதலில் சின்ன அந்தமான். அடுத்து, மியான்மாரின் வால் மாதிரி தெற்கே நீண்டு தொங்குகிற பகுதி. அதை ஒட்டியே தாய்லாந்தின் ஒல்லியான கழுத்து. அதைத் தாண்டினால் தாய்லாந்து வளைகுடா, கம்போடியாவின் கரை. அதற்கப்புறம் வந்தது வியட்நாமின் ஹோ சி மின் நகரம், பழைய சைகோன். அதன் அட்சத்தைப் பார்த்தேன்: அதுவும் 10 டிகிரி 46 நிமிடம். நூல் பிடித்த மாதிரி நமக்கு நேர் எதிரே ஒரு பெரிய நகரம் இவ்வளவு நாளாக உட்கார்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இன்னும் போனால் பிலிப்பைன்ஸில் பலாவான் தீவு, பனாய் தீவின் இலோய்லோ நகரம். அதற்கப்புறம் பசிபிக்.

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகும் நான் உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் நாங்கள் ஆசியா படிக்காமல் இல்லை. பெரியவளுக்கு ஏழு வயதில் ஒரு அட்டைக் கட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு பக்கம் கொடி, மறுபக்கம் நாட்டின் பெயர், தலைநகரம், பணம். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். விருந்தாளிகள் வந்தால் கேட்கச் சொல்வோம். "மங்கோலியா?" என்றால் "உலான்பாதர்" என்பாள். ஒருநாள் அவளே என்னிடம் வந்து, "அம்மா, உலான்பாதர்ல மழை பெய்யுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அட்டையில் இடமில்லை. ஒரு ஊரின் பெயர் தெரிந்திருந்தும் அங்கே மழை பெய்யுமா, என்ன சாப்பிடுவார்கள், பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்று எதுவுமே தெரியாமல் குழந்தை ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது. அட்டைக் கட்டு இப்போது அலமாரியில் இருக்கிறது. கடற்கரைக் கேள்விக்குப் பிறகு அதை எடுக்கவே தோன்றவில்லை.

என் நம்பிக்கை இதுதான்: சின்னப் பிள்ளைகளுக்கு ஆசியாவை வாசற்படியிலிருந்து தொடங்க வேண்டும். நம் கடலிலிருந்து, நம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து, நம் தெருவில் வேலை பார்க்கிற மனிதரிடமிருந்து. வரைபடம் அதற்குப் பின்னால் தானாக வரும்.

முதலில் தூரம். உருண்டையின் மேல் தையல் நூலை வைத்து அளந்தோம். எங்களிடம் இருப்பது ஓரடி விட்டமுள்ள உருண்டை, அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 420 கிலோமீட்டர். நாகையிலிருந்து டெல்லிக்கு நூல் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவு இருக்கிறதே, அதன் வடக்கு முனையிலுள்ள ஆச்சேவுக்கு வைத்துப் பார்த்தால் அதைவிட அரை சென்டிமீட்டர் குறைவு. 1,800 கிலோமீட்டர்தான்! நமக்கு டெல்லியைவிட சுமத்ரா பக்கம். ஸ்ரீநகரைவிட பாங்காக் பக்கம். பெரியவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நூலைப் பிடுங்கிக்கொண்டு மூன்று தடவை அளந்தாள்.

"அப்ப ஏம்மா டெல்லி நம்ம ஊரு, அது வெளிநாடு?"

நல்ல கேள்வி. நாடு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, மண்ணுக்கும் கடலுக்கும் வேறு கணக்கு உண்டு என்று மட்டும் சொன்னேன். எட்டு வயதுக்கு அது போதும். மீதியை அவளே கண்டுபிடிப்பாள்.

ஆச்சே என்ற பெயரைச் சொன்னதும் அடுப்படியிலிருந்த என் மாமியார் வெளியே வந்தார். "அங்கேருந்துதானே வந்துச்சு அது?" என்றார். நாகையில் 'அது' என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26. பிள்ளைகள் சுனாமி நினைவுத் தூண்களைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இத்தனை சின்ன வயதில் இதைச் சொல்லலாமா என்று தயங்கினேன். அப்பாயி தயங்கவில்லை. காலையில் கடல் உள்வாங்கியதையும், சத்தம் கேட்டதையும், யார் யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதையும், அழுகை இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார்.

நான் நூலை எடுத்தேன். காலை ஆறரை மணிக்கு சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பூமி பிளந்தது. ஒன்பது மணிவாக்கில் நம் கரைக்கு அலை வந்துவிட்டது. இங்கிருந்து சென்னைக்கு ரயிலில் போகிற நேரத்தைவிடக் குறைவு. இரண்டு கரைக்கும் நடுவில் ஒரே தண்ணீர்தான் இருக்கிறது என்பதை எந்த அட்டையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

அப்போதுதான் சிமெலூ தீவைப் பற்றிச் சொன்னேன். ஆச்சேவை ஒட்டி, பூகம்ப மையத்துக்கு மிக அருகில் இருக்கிற தீவு. முதல் அலை அங்கே சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. தீவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். காரணம், 1907-ல் அந்தத் தீவில் ஒரு பெரிய அலை வந்து நிறையப் பேரைக் கொண்டுபோனது. தப்பித்தவர்கள் அந்த அலைக்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் ஸ்மோங் வரும், உடனே மேட்டுக்கு ஓடு என்று தாத்தா பாட்டிகள் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டில் வைத்தார்கள். நூறு வருஷம் கழித்து நிலம் ஆடியபோது, அந்தப் பாட்டு தெரிந்த ஊர் மொத்தமும் குன்றின் மேல் ஏறிவிட்டது.

என் மாமியார் நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம், "நமக்கு யாரும் பாடலையே" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது "ஸ்மோங்!" என்று கத்தினால் பிள்ளைகள் இரண்டு பேரும் மாடிப்படியில் ஏறி ஓடுவார்கள். விளையாட்டுத்தான். ஆனாலும் நான் அதை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். பிற நாட்டுப் பண்பாட்டைச் சொல்லிக்கொடுப்பது என்றதும் பலரும் உடையையும் நடனத்தையும் காட்டுகிறார்கள். பள்ளிகளில் மாறுவேடப் போட்டி நடக்கிறது. ஒரு பிள்ளைக்கு கிமோனோ, ஒரு பிள்ளைக்குக் கூம்புத் தொப்பி. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஜனங்கள் எதைக் கண்டு பயந்தார்கள், எதைக் காப்பாற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள் என்பதைத் தொட்டால்தான் குழந்தைக்கு அவர்கள் மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

அடுத்து அடுப்படி. இது ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு நான் செய்கிற ஏற்பாட்டிலிருந்து தற்செயலாக வந்தது. பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, ஜாதிபத்திரி எல்லாவற்றையும் நாளிதழில் கொட்டி வைத்திருந்தேன். சின்னவன் அன்னாசிப்பூவை எடுத்து இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தான். எட்டு. "இது எந்தச் செடில பூக்குதும்மா?" என்றான். பூ இல்லை, காய். நம் ஊரில் அந்த மரம் கிடையாது. தென் சீனாவும் வடக்கு வியட்நாமும் சேருகிற மலைப்பக்கம் விளைவது. உடனே உருண்டை அடுப்படிக்கு வந்துவிட்டது.

ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்து, ஊரைத் தேடி வைத்தோம். ஏலக்காய் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. பட்டை, நல்ல மெல்லிய சுருள் என்றால் இலங்கை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற தடித்த பட்டை இந்தோனேசியா, வியட்நாம், சீனா பக்கத்துச் சரக்கு. கிராம்பு இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். ஜாதிக்காயும் அதன் மேல் சிவப்பு வலை மாதிரி ஒட்டியிருக்கும் ஜாதிபத்திரியும் அதே பக்கத்தில், உருண்டையில் புள்ளியாகக்கூடத் தெரியாத பாண்டா தீவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரும்வரை ஏறக்குறைய உலகத்துக்கே ஜாதிக்காய் அங்கிருந்துதான்.

அந்தப் பாண்டாவில் ரூன் என்று ஒரு தீவு. மூன்று கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த அகலம். அதற்காக ஆங்கிலேயர்களும் டச்சுக்காரர்களும் சண்டை போட்டார்கள். கடைசியில் 1667-ல் பிரெடா என்ற ஊரில் ஒப்பந்தம். ரூன் டச்சுக்காரர்களுக்கு, அமெரிக்காவில் மன்ஹாட்டன் தீவு ஆங்கிலேயர்களுக்கு. மன்ஹாட்டன் என்றால் இன்றைய நியூயார்க்கின் நடுப்பகுதி. பெரியவள் கையிலிருந்த ஜாதிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்காகவா நியூயார்க்கைக் கொடுத்தாங்க?" இதுக்காகத்தான். அதோடு அந்தத் தீவுகளில் காலங்காலமாக வாழ்ந்த ஜனங்களை டச்சுக் கம்பெனி 1621-ல் கொன்றும் அடிமைகளாகப் பிடித்துப்போயும் அழித்ததையும் சொன்னேன், பெரியவளுக்கு மட்டும், தனியாக. வாசனைக் கதையை வாசனையோடு மட்டும் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெருங்காயத்துக்கு மேற்கே போக வேண்டும். ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான். அங்கே வறண்ட குளிர் நிலத்தில் வளரும் செடியின் வேரைக் கீறினால் வழியும் பால் காய்ந்து பிசினாவதுதான் நம் சாம்பாரில் விழுகிறது. இந்தியாவிலேயே பயிரிட வேண்டுமென்று 2020 அக்டோபரில்தான் இமாச்சலத்தின் லஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டார்கள். தினமும் ரசத்தில் போடுகிற பொருள் நம் மண்ணுடையது இல்லை என்பதைக் கேட்டு என் மாமியாரே வியந்தார்.

ஜவ்வரிசிக் கதை இன்னும் சுவாரசியம். ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆனது என்று சொல்வார்கள். தென்கிழக்கு ஆசியாவில் அசல் ஜவ்வரிசி ஒருவகைப் பனைமரத்தின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. நம் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது, அந்தக் கிழங்கோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரு டம்ளர் பாயசத்தில் இரண்டு கண்டங்கள்.

சொற்களும் இப்படித்தான். மலாய் மொழியில் கப்பலுக்கு 'கபால்', கட்டிலுக்கு 'காத்தில்', கடைக்கு 'கெடாய்', மாம்பழத்துக்கு 'மெம்பெலம்'. சின்னவன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பிலிப்பைன்ஸில் ஆசிரியரை 'குரோ' என்கிறார்கள், முகத்தை 'முக்ஹா' என்கிறார்கள். "அவங்க நம்மகிட்ட பேசக் கத்துக்கிட்டாங்களா?" என்றான். அப்படி இல்லை, வியாபாரிகளும் மாலுமிகளும் துறவிகளும் போகவர இருந்தார்கள், சொல்லும் கூடவே போய்வந்தது என்றேன். கடலோரத்துப் பிள்ளைக்கு இது புரிவதற்குச் சிரமமே இல்லை. ஆறு மாதம் காற்று ஒரு பக்கம், ஆறு மாதம் மறுபக்கம் என்பது அவனுக்கே தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கடாரம் பற்றிப் பிள்ளைகளிடம் பெருமையாகப் பேசுகிறோம். 1025-ல் ராஜேந்திர சோழனின் கடற்படை போனது, ஸ்ரீவிஜயத்தை வென்றது. இன்றைய மலேசியாவின் கெடாதான் அந்தக் கடாரம். சரி. ஆனால் அதற்குச் சுமார் இருபது வருஷம் முன்னால் அதே ஸ்ரீவிஜயத்தின் அரசர் ஒருவர்தான் ராஜராஜனின் அனுமதியோடு நம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினார். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விட்டுக்கொடுத்தார். அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாகையில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த வெண்கலப் புத்தர்கள் பலவும் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நட்பாக வந்து கோயில் கட்டியதையும் சொல்ல வேண்டும், அதே அரசின் மேல் நாம் படையெடுத்ததையும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பிள்ளைகள் அந்தக் கரையிலிருப்பவர்களைத் தோற்றவர்களாக மட்டுமே பார்த்து வளரும். பெரியவளிடம் இரண்டையும் சொன்னேன். "அவங்க ஊர்ப் பிள்ளைங்க இதை எப்படிப் படிக்கும்?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகவே இத்தனை நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம்.

அந்த நேர்கோட்டில் நாங்கள் அதிக நாள் தங்கியது மேகாங் டெல்டாவில். நாங்களும் டெல்டாக்காரர்கள், அதுவும் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எப்போது வந்து சேருமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிற வீடு. மேகாங் திபெத் பீடபூமியில் கிளம்பி சீனா, மியான்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று ஆறு நாடுகளைத் தொட்டு, 4,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் விழுகிறது. மேலே அணை கட்டினால் கீழே தண்ணீர் குறைகிறது, கடல் உப்பு வயலுக்குள் ஏறுகிறது. இதை என் வீட்டுக்காரர் சொன்னபோது பெரியவள், "நம்ம காவிரி மாதிரியேப்பா" என்றாள். அவர் சொன்னார்: "நமக்குப் பேச வேண்டியது பக்கத்து மாநிலங்கதான். அவங்களுக்கு ஆறு நாடு உட்கார்ந்து பேசணும்."

அந்த டெல்டாவில் கான் தோ என்ற ஊர், அங்கே காய் ராங் மிதக்கும் சந்தை. ஆற்றின் நடுவிலேயே படகில் வியாபாரம். எஞ்சின் சத்தத்தில் கூவி விற்க முடியாது. அதனால் ஒவ்வொரு படகிலும் நெட்டுக்குத்தாக ஒரு மூங்கில் கழி நட்டு, விற்கிற பொருளையே அதில் கட்டித் தொங்கவிடுவார்கள். பூசணி தொங்கினால் பூசணிப் படகு, அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு. சின்னவனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒட்டடைக் கம்பை எடுத்துக் கட்டிலின் காலில் கயிறு போட்டுக் கட்டி, உச்சியில் ஒரு கத்திரிக்காயைத் தொங்கவிட்டான். கட்டில்தான் படகு. நாங்கள் முறம், தாம்பாளம் எல்லாவற்றையும் படகாக நினைத்து நகர்ந்து போய்க் கத்திரிக்காய் வாங்க வேண்டும். இரண்டு வாரம் எங்கள் வீட்டில் காய்கறி இப்படித்தான் விற்றது. மதுரைக்காரர்களுக்கு ஒரு தகவல்: உங்கள் ஊரிலிருந்து நேர் கிழக்கே போனால் ஏறத்தாழ இந்தக் கான் தோவுக்கே வரலாம். சென்னைக்காரர்களுக்குக் கம்போடியாவின் பட்டம்பாங் நேர். உங்கள் ஊருக்கு எது நேர் என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள்.

கம்போடியாவில் தொன்லே சாப் என்ற ஏரியும் அதே பெயரில் ஆறும் இருக்கின்றன. மழைக்காலத்தில் மேகாங்கில் வெள்ளம் வந்தால் அந்த ஆறு திசை மாறி, ஏரிக்குள் பின்னோக்கி ஓடும். ஏரி ஐந்து மடங்குக்கு மேல் விரியும். மழை நின்றதும் மறுபடி மேகாங் பக்கம் திரும்பும். ஆறு திரும்பி ஓடும் என்று வாயால் சொன்னால் பிள்ளைகள் நம்பாது. இரண்டு பிளாஸ்டிக் தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, வயலில் மிச்சமிருந்த சொட்டுநீர்க் குழாய்த் துண்டால் இணைத்து, எம்-சீல் வைத்து அடைத்தோம். ஒரு டப்பா மேகாங், இன்னொன்று ஏரி. மேகாங்கில் சொம்புத் தண்ணீர் ஊற்றினால் குழாய் வழியாக ஏரி ஏறும். மேகாங்கிலிருந்து மொண்டு எடுத்தால் ஏரித் தண்ணீர் திரும்பி வரும். மஞ்சள் பொடி கலந்த தண்ணீர் என்றால் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் திரும்புகிற அந்தக் கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி அங்கே படகுப் போட்டியோடு பெரிய திருவிழா எடுக்கிறார்கள். ஏன் எடுக்கிறார்கள் என்று அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் இப்படி இனிமையாகவே போனது என்று சொன்னால் அது உண்மையில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் ஒரு சின்ன பரோட்டா கடை. அங்கே பரிமாறுகிற தம்பி ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தபோது சின்னவன் சத்தமாக, "அம்மா, சைனா அண்ணன் வந்துட்டாரு" என்றான். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆறு மாதமாக ஆசியா படிக்கிற பிள்ளை.

அவர் கோபப்படவில்லை. "சைனா இல்ல பாப்பா. நேபாளம்" என்றார் நல்ல தமிழில்.

அடுத்த வாரம் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனோம். ஆசிய வரைபடத்தை மடித்து எடுத்துப் போயிருந்தேன். கேட்டதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பொக்காராவுக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம். அங்கிருந்து பஸ்ஸில் இறங்கி சுனௌலி எல்லை, அதைத் தாண்டி கோரக்பூர், அங்கிருந்து ரயிலில் சென்னை, அப்புறம் நாகை. விரலால் வழி முழுக்கக் காட்டினார். "நாலு நாள் ஆகும் அக்கா" என்றார். அம்மாவிடம் பேசுவதற்காக அவர் போனில் இரண்டு கடிகாரம் வைத்திருந்தார். நேபாளத்து நேரம் நம்மைவிடப் பதினைந்து நிமிடம் கூட. மணிக்கணக்கில் இல்லாமல் கால் மணி வித்தியாசம் எப்படி வரும் என்று பெரியவள் திகைத்துப்போனாள்.

அப்புறம் தசைன் பண்டிகைப் படங்களைக் காட்டினார். நமக்கு நவராத்திரி வருகிற அதே நாட்களில் அவர்களுக்கு அதுதான் வருஷத்தின் பெரிய விழா. முதல் நாள் பார்லியை இருட்டறையில் முளைக்கப் போடுவார்கள். வெயில் படாமல் வெளிர்மஞ்சளாக வளரும். பத்தாம் நாள் பெரியவர்கள் நெற்றியில் தயிரும் அரிசியும் குங்குமமும் கலந்து அப்பி, அந்த முளையைக் காதில் செருகி ஆசீர்வாதம் செய்வார்கள். அதற்கு 'ஜமரா' என்று பெயர். படத்தைப் பார்த்த சின்னவன், "அண்ணா, இது அப்பாயி மாரியம்மனுக்குப் போடுற முளைப்பாரி!" என்றான். முளைப்பாரி என்றால் என்ன என்று அவர் கேட்டார். இருட்டில் வைப்பதையும், மஞ்சளாக வளர்வதையும், தலையில் சுமந்து போவதையும் ஐந்து வயதுப் பிள்ளை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இங்கே வந்து மூன்று வருஷமாகிறதாம். அவருடைய ஊரைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

இப்போது அவர் எங்கள் வீட்டில் 'பொக்காரா அண்ணன்'. அதற்கப்புறம் சித்திரை ஒன்று வந்தபோது, அந்த நாட்களிலேயே அவர்களுக்கும் புது வருஷம் பிறக்கிறது என்றார். நமக்கும், இலங்கையிலும், வங்கத்திலும், மியான்மாரிலும், தாய்லாந்திலும், லாவோஸிலும், கம்போடியாவிலும் ஏறக்குறைய ஒரே வாரம்தான். தாய்லாந்தில் அதற்கு 'சொங்கிரான்' என்று பெயர். நம் சங்கராந்தியேதான். சூரியன் மேஷத்தில் நுழைகிற அந்தக் கணக்கை இத்தனை நாடுகள் ஒன்றாகப் போடுகின்றன. அன்று காலை கனி பார்த்துவிட்டு, பிள்ளைகள் வரைபடத்தில் அந்த நாடுகளுக்கெல்லாம் ஒவ்வொரு வேப்பம்பூ வைத்தார்கள்.

வித்தியாசமாக இருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொங்கலுக்கும் வியட்நாமியர்களின் தெத் புத்தாண்டுக்கும் ஒற்றுமை காட்டலாம் என்று ஆரம்பித்தேன். அவர்களும் அரிசியையும் பாசிப்பருப்பையும் சேர்த்து, வாழை இலையில் உருளையாகச் சுற்றி, ராத்திரியெல்லாம் குடும்பமாக உட்கார்ந்து அவிப்பார்கள். 'பான் தெத்' என்று பெயர். அதுவரைக்கும் ரசித்துக் கேட்ட பெரியவள், நடுவில் பன்றி இறைச்சி வைப்பார்கள் என்றதும் "ச்சீ" என்றாள். திட்டவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. நாம் சாப்பிடுகிற கருவாட்டின் வாசனையை மூக்கைப் பொத்திக்கொண்டு யாராவது "ச்சீ" என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். யோசித்தாள். "நான் சாப்பிடமாட்டேன்னு சொல்லலாம். ச்சீன்னு சொல்லக் கூடாது" என்றாள். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சட்டம். எல்லாரும் ஒன்றுதான் என்று பிள்ளைகளிடம் மழுப்ப வேண்டியதில்லை. நம்மைப் போல இல்லாததையும் மரியாதையோடு பார்க்கப் பழகினால் போதும்.

மேற்கு ஆசியாவை நாங்கள் இன்னும் சரியாகத் தொடவில்லை. நாகையிலிருந்து நேர் மேற்கே நூலைப் பிடித்தால் தஞ்சாவூர், திருச்சி, பாலக்காடு, அரபிக்கடல், அப்புறம் சோமாலியா. ஆப்பிரிக்கா வந்துவிடுகிறது, ஆசியா நழுவிவிடுகிறது. அதற்கு நாகூரில் என் தோழி வீட்டில் நோன்பு திறக்க வைக்கிற பேரீச்சம்பழத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைத்திருக்கிறேன். உலான்பாதரில் மழை பெய்யுமா என்பதையும் பெரியவளே தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். கோடையில் கொஞ்சம் பெய்யும், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் கம்பளிக் கூடாரம் ஒன்று வரைந்து வைத்திருக்கிறாள்.

போன ஞாயிறு விடியற்காலையில் மறுபடி கடற்கரைக்குப் போனோம். சைகோனில் மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே போன தமிழர்கள் கட்டியது. இன்று வியட்நாமியர்களும் வந்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அதை வழியில் சொல்லிக்கொண்டு போனேன். சூரியன் தண்ணீரிலிருந்து பாதி எழும்பியிருந்தது. அந்த ஊரில் நமக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் முன்னாலேயே விடிந்துவிடும் என்று பெரியவள் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

சின்னவன் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்ப அவங்க இந்நேரம் குளிச்சு சாப்பிட்டுட்டு இருப்பாங்க" என்றான். பிறகு கரையோரம் போய், முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டு கையையும் தூக்கிக் கிழக்கே ஆட்டினான்.